தோள் பதினாலு

மார்ச் 4, வெள்ளி

அன்புள்ள மாஸ்டருக்கு,

இங்கு நான் நலமாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாரத்துக்கு ஒரு படகு, அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும் என்பது உனக்குத் தெரியும். இப்போது அது துறையில் நிற்கிறது. மூன்று மணிக்குக் கிளம்பிவிடும் என்பதால் அவசரமாக எழுதுகிறேன்.

நீ தைத்து அனுப்பிய மூன்று அடுக்கும் பிரமாதம். முதல் மாதம் நான் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டாய். கோல்டு ஸ்டோரேஜ் வேலை என்றதும் இருந்த நாலு பருத்தி பனியனையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு பெரிய சூரனாக உள் அறைக்குப் போனேன். உள்ளே மைனஸ் இருபத்திரண்டு. மீன் பெட்டி தூக்கத் தூக்க வேர்த்தது. வேர்வை முழுவதையும் பனியன் குடித்துக்கொண்டது. பெட்டி தீர்ந்து பத்து நிமிடம் சும்மா நின்றேன், அதே பனியன் முதுகில் ஐஸ் பலகையாக ஒட்டிக்கொண்டது. நாலு நாள் காய்ச்சல். உள்ளே பருத்தி போடுவதும் ஈரத்துணி சுற்றிக்கொண்டு போவதும் ஒன்றுதான் என்று நீ திட்டி எழுதினாய்.

இப்போது நீ சொன்னபடியே உடுத்துகிறேன். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி. அதன்மேல் பஞ்சு வைத்த சட்டை, காற்று தங்குவதற்காகச் சற்றுத் தொளதொளவென்று. அதற்கும் மேல் கம்பெனி கோட்டு. வேர்க்கத் தொடங்கும் முன்பே நடுச்சட்டையின் பொத்தானைத் திறந்துவிடுகிறேன், வேலை நிற்கும் முன்பே மூடிவிடுகிறேன். ஃபோர்மேனே துணியைத் தொட்டுப் பார்த்து யார் டெய்லர் என்று கேட்டார்.

ஓர் உதவி வேண்டும். உள் அடுக்கு இன்னொரு ஜோடி தேவைப்படுகிறது. இங்கே வேலை கடுமையாக இருப்பதால் நான் இளைத்துவிட்டேன், பழைய அளவு ஒத்துவராது. புது அளவு: தோள் 14, மார்பு 35, இடுப்பு 29, கை 20. அதே சாம்பல் நிறக் கம்பளியே போதும். விரைவில் அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
உன்னவன்

*

மார்ச் 9

என்னங்க,

லெட்டர் வந்துச்சு. அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். "என் புள்ள இளைச்சுட்டானாமே"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நான் துடைச்சுக்கல. நேரா உள்ளே போய் அளவு நோட்டை எடுத்தேன்.

உங்க பக்கத்துல என்ன இருக்குன்னு சொல்றேன், கேட்டுக்கோங்க. தோள் பதினெட்டு. மார்பு முப்பத்தெட்டு. இடுப்பு முப்பத்தஞ்சு. கை இருபத்துநாலு. மனுஷன் இளைச்சா தொப்பை குறையும், சரி. மார்பு குறையும், அதுவும் சரி. தோள் எலும்புங்க. எலும்பு நாலு அங்குலம் குறையணும்னா ரம்பம் வெச்சு அறுத்தாத்தான் உண்டு. கையும் நாலு அங்குலம் குட்டையாப் போச்சா? குளிர்ல சுருங்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், அதுக்காக இப்படியா?

இது பொம்பளை அளவு. பதினாறு வருஷமா மெஷின் மிதிக்கறவ காதுலயே பூ சுத்தப் பார்க்கறீங்களே, உங்க தைரியத்தை என்ன சொல்றது.

யாருன்னு ஒழுங்கா எழுதிடுங்க. அதைவிட எனக்கு இன்னொண்ணு தெரிஞ்சாகணும். அளவு யார் எடுத்தது?

ஏன் கேக்கறேன்னு உங்களுக்கே தெரியும். ஒரு சட்டை தைக்கணும்னு கடைக்கு வந்தீங்க. நான் டேப்பை மார்பைச் சுத்திப் பிடிச்சேன். "மூச்சை விடுங்க, அளவு தப்பா வருது"ன்னேன். நீங்க விடவே இல்ல. அப்புறம் மூணு சட்டை, ரெண்டு பேன்ட், ஒரு கல்யாணம். ஒரு டேப்பு என்னென்ன பண்ணும்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்.

அப்புறம், இந்த 'நலமாக இருக்கிறேன், நம்புகிறேன்' எல்லாம் என்கிட்ட வேணாம். பேசற மாதிரி எழுதத் தெரியாத ஆளா நீங்க? பொய் சொல்றப்ப மட்டும்தான் கலெக்டருக்கு மனு எழுதற பாஷைக்குப் போயிடறீங்க.

இப்படிக்கு,
உங்க டெய்லர்

*

மார்ச் 11, வெள்ளி

அன்புள்ள மாஸ்டருக்கு,

உன் கடிதத்தை இப்போதுதான் படித்தேன். படகு கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கிறது.

நீ சொன்னது சரி. அது என் அளவு அல்ல. மறைத்தது தவறு. உண்மையை எழுதினால் நீ கோபப்படுவாய் என்று பயந்தேன், எழுதாததால் இப்போது இரண்டு மடங்கு கோபப்படுகிறாய்.

உள் அறையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அண்ணன் வீட்டில் தங்கி வேலைக்கு வருகிறாள். கம்பெனி கொடுக்கும் கோட்டு எல்லாமே ஆண்கள் அளவு. அவள் போட்டால் அது முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது, கழுத்து வழியாகவும் கை வழியாகவும் குளிர் நேராக உள்ளே போகிறது. அதற்குள் இரண்டு பழைய ஸ்வெட்டர், அவ்வளவுதான். நாங்களாவது பெட்டி தூக்கிச் சூடாகிறோம். அவள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். லேபிளின் பின்தாளை உரிக்க ஒவ்வொரு தடவையும் வலது கையுறையைக் கழற்ற வேண்டும். போன வாரம் பேனாவைப் பிடிக்கச் சொன்னால் விரல் மடங்கவில்லை. ஃபோர்மேனிடம் சொன்னாள். முடியாவிட்டால் வேலையை விட்டு நின்றுகொள் என்றார்.

வருகிற இருபத்துநாலாம் தேதி வியாழக்கிழமை பெரிய லோடு ஏறுகிறது. அன்று எல்லோரும் ஆறு மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும். அதற்கு முன் அவளுக்கு ஓர் உள் அடுக்காவது கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு எந்த எண்ணமும் இல்லை.

அளவு எடுத்தது கேன்டீனில் சமைக்கும் அம்மாள். கம்பெனி கோட்டின் மேலேயே வைத்து எடுத்தார்கள். நான் எழுதிக்கொண்டேன், அவ்வளவே.

நீ தைத்துத் தருவாய் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உன்னவன்

*

மார்ச் 17

என்னங்க,

பார்சல்ல சட்டையும் கால்சட்டையும் இருக்கு. சாம்பல் நிறம். தோள் பதினாலு, மார்பு முப்பத்தஞ்சு, இடுப்பு இருபத்தொம்பது, கை இருபது. நூலளவு கூடுதலும் இல்ல, குறைச்சலும் இல்ல. உள்பக்கம் தையல் உறுத்தாம மடிச்சு அடிச்சிருக்கேன். தோலை ஒட்டி முதல் அடுக்காப் போட்டுக்கச் சொல்லுங்க.

அத்தை சௌக்கியம். இங்கு நான் நலமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்க டெய்லர்

*

மார்ச் 21, திங்கள்

என்னங்க,

இதைப் படிக்கறப்ப நின்னுக்கிட்டு இருந்தா உட்காராதீங்க. நேரா அவகிட்ட போங்க. போய் அந்தச் சட்டையைக் கழட்டச் சொல்லுங்க. மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

அது கம்பளி இல்ல. பருத்தி.

உள்பக்கம் ரோமம் தள்ளின பருத்தித் துணி ஒண்ணு வருது, குழந்தைங்க சட்டைக்கு எடுப்பாங்க. தொட்டா கம்பளியேதான்னு சத்தியம் பண்ணலாம். அதே சாம்பல் நிறத்துல அலமாரியில ஒரு துண்டு கிடந்துச்சு. கம்பளியும் பக்கத்துலயேதான் இருந்துச்சு. ரெண்டையும் எடுத்து மேஜையில போட்டேன். ரெண்டையும் பார்த்தேன். தெரியாமத்தான் மாத்தி எடுத்துட்டேன்னு எழுதலாம்னு நினைச்சேன், பேனாவையும் எடுத்துட்டேன். என்னால முடியல. தெரிஞ்சுதான் எடுத்தேன்.

ஏன்னு கேட்டா என்ன சொல்ல. அளவை நோட்டுல ஏத்தணுமே, உங்க பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காலியா இருந்துச்சு. அங்கே எழுத மனசு வரல. கடைசிப் பக்கத்துக்குப் போனேன். பேர் எழுதற இடத்துக்கு வந்ததும் கை நின்னுடுச்சு. நீங்க பேரைக்கூட எழுதல. பேர் இல்லாத ஒருத்தி, தோள் பதினாலு, இடுப்பு இருபத்தொம்பது, என் புருஷன் கையெழுத்துல. வயிறு எரிஞ்சுது. நாலு நாள் நடுங்கட்டும், அந்தச் சட்டையைப் பிடிக்காமத் தூக்கிப் போடட்டும்னுதான் நினைச்சேன். சத்தியமா அவ்வளவுதான் நினைச்சேன். வெள்ளிக்கிழமை படகு போறதைப் பார்த்துட்டு வந்து மெஷின்ல உட்கார்ந்தேன், அப்பத்தான் உங்க காய்ச்சல் ஞாபகம் வந்துச்சு. நாலு பனியன். ஐஸ் பலகை. நீங்க பத்து நிமிஷம் நின்னதுக்கே அப்படி. அவ ஆறு மணி நேரம் நிக்கப் போறா.

அடுத்த படகு இருபத்தஞ்சாம் தேதி. லோடு இருபத்துநாலு. இந்த லெட்டர் ஒரு நாள் பிந்தித்தான் வரும்னு எனக்குத் தெரியும். அதனால இன்னிக்குக் காலையில போஸ்ட் ஆபீஸ் போய் உங்க கம்பெனிக்கு போன் போட்டேன். கிளார்க் எடுத்தார். குடும்ப விஷயத்துக்கு இந்த போன் இல்லைன்னார். ஒரே ஒரு சேதின்னு கெஞ்சினேன். "அந்தச் சட்டையைப் போடக் கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க"ன்னேன். சரிம்மான்னு சிரிச்சுக்கிட்டே வெச்சுட்டார்.

பருத்தின்னு சொல்ல வாய் வரலைங்க. பின்னாடி ஆளுங்க வரிசையில நிக்கறாங்க, அந்தப் பக்கம் முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளு. ஒரு வார்த்தை. அதைச் சொன்னா நான் பண்ணினது என்னன்னு வெளியே வந்துடுமேன்னு முழுங்கிட்டேன்.

சேதி வந்து சேர்ந்துச்சுன்னு ஒரு வரி எழுதுங்க. என்னைத் திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம்.

உங்க டெய்லர்

*

மார்ச் 22

உனக்கு,

படகு வர மூன்று நாள் இருக்கிறது. ஆனாலும் இன்றே எழுதித் தபால் பையில் போட்டுவிடுகிறேன். இல்லையென்றால் கோபம் ஆறிவிடும், ஆறக் கூடாது.

நேற்று மதியம் கேன்டீனில் அறுபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கிளார்க் வாசலில் நின்று கத்தினார்: "உன் சம்சாரம் போன் பண்ணாங்கப்பா. சட்டை போடக் கூடாதாம்." அதன் பிறகு நான் அங்கே எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று கேட்காதே. சட்டை போடலாமா, பேன்ட் போடலாமா, அனுமதி வாங்கினாயா என்று இன்று காலை வரை ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். ஃபோர்மேன்கூடக் கேட்டார்.

உன் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். தைத்துக் கொடுத்துவிட்டாய், பிறகு பொறாமை வந்துவிட்டது. அதனால் கம்பெனிக்கே போன் போட்டு மானத்தை வாங்குகிறாய். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற ஆள் நீ இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். பார்சலைப் பிரித்ததும் அவள் சட்டையை முகத்தில் வைத்துப் பார்த்தாள். சனிக்கிழமை அலுவலக அறையில் ஸ்டாக் எண்ணும்போது போட்டுக்கொண்டு வந்தாள், அளவு கச்சிதம். இவ்வளவு மெத்தென்று ஒரு துணியைத் தன் உடம்பு பார்த்ததே இல்லையாம். லோடு அன்றைக்கென்று மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறாள். புதுச்சட்டை இருக்கிறதே, இனி ஒரு ஸ்வெட்டரே போதும் என்கிறாள். அப்படிப்பட்டவளிடம் போய், என் மனைவிக்குப் பிடிக்கவில்லை, கழற்று என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

லோடு நாளை மறுநாள். முடிந்ததும் எழுதுகிறேன். அல்லது எழுதாமலும் இருக்கலாம்.

*

மார்ச் 27, ஞாயிறு

என்னங்க,

உங்க லெட்டர் நேத்து வந்துச்சு. 'லோடு நாளை மறுநாள்'ங்கற வரியை நான் படிக்கறப்ப லோடு முடிஞ்சு ரெண்டு நாள் ஆயிடுச்சு.

போஸ்ட் ஆபீஸ் பூட்டற நேரத்துல ஓடிப் போய் மறுபடியும் போன் போட்டேன். அதே கிளார்க். இந்தத் தடவை வரிசையில நின்ன அத்தனை பேரும் கேக்கற மாதிரி கத்திச் சொன்னேன், அது பருத்தி, பருத்தி, லேபிள் ஒட்டற பொண்ணு போட்டிருக்கறது பருத்தின்னு. அவர் ரிசீவரைப் பொத்திக்கிட்டு யார்கிட்டயோ என்னமோ கேட்டார். அப்புறம், "ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருக்காங்க. யாரு, என்னன்னு வெளியே சொல்ல எனக்கு உத்தரவு இல்லம்மா"ன்னார். இந்தத் தடவை அவர் சிரிக்கல.

அதுலேர்ந்து கத்தரி பிடிக்க முடியல. ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டறேன்னு முதுகை வெட்டி வெச்சுட்டேன். அத்தை என்னடி ஆச்சுங்கறாங்க. உடம்பு சரியில்லன்னு சொன்னேன்.

அவ உயிரோட இருக்காளா? அதை முதல்ல எழுதுங்க. லெட்டரோட முதல் வரியே அதுவா இருக்கணும்.

இன்னொண்ணு இருக்கு. இந்த நிலைமையில கேக்க எனக்கே அசிங்கமா இருக்கு. கேக்காம இருந்தா வாழ்நாள் பூரா கேட்டுக்கிட்டே இருப்பேன், அதனால கேட்டுடறேன். சட்டை கச்சிதம்னு எழுதியிருக்கீங்க. கம்பெனி கோட்டு மேலே வெச்சு அளவு எடுத்திருந்தா நான் தைச்ச சட்டை உள்ளே ஒரு சாண் தொங்கியிருக்கணும். கச்சிதமா இருக்குன்னா அது மெல்லிசா ஒரு துணி மேலே எடுத்த அளவு. எடுத்தது யாருங்க?

உங்க டெய்லர்

*

ஏப்ரல் 1, வெள்ளி

உயிரோட இருக்கா.

நீ கேட்ட மாதிரி முதல் வரி எழுதிட்டேன். படகுக்காரர்கிட்ட ரெண்டு மணி நேரம் கேட்டிருக்கேன், இன்னிக்கு எல்லாத்தையும் எழுதிடறேன்.

அன்னிக்கு ரெண்டு தூக்கற ஆளு வரல. லேபிள் கட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு அவளும் வண்டியைத் தள்ளினா. முதல் ஒரு மணி நேரம் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா. முகமெல்லாம் வேர்த்துச்சு. "அக்கா தைச்ச சட்டை சுடுது"ன்னா. உன்னை அவ அக்கான்னுதான் சொல்றா. அப்புறம் ஏத்தற பெல்ட் நின்னுடுச்சு. அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும், யாரும் வெளியே போக வேணாம்னு ஃபோர்மேன் சொன்னார். நாப்பது நிமிஷம் ஆச்சு.

முதல்ல நான் கவனிச்சது லேபிளைத்தான். தலைகீழா ஒட்டியிருந்துச்சு. அடுத்த பெட்டியில ஒண்ணுக்கு மூணு. சரி, ஏதோ அசதின்னு நினைச்சேன். திரும்பிப் பார்த்தா அவ பெட்டிக்கு ஒட்டல. தன்னோட கோட்டுக் கையில ஒட்டிக்கிட்டு இருந்தா, ஒண்ணு பக்கத்துல ஒண்ணா, வரிசையா. கையுறை கீழே கிடந்துச்சு. என்ன பண்றேன்னு கேட்டேன். "இதையும் அனுப்பணும்ல"ன்னா. நாக்கு குழறுச்சு. நடுக்கமே இல்ல. நடுக்கம் நின்னா பயப்படணும்னு நீதான் எனக்கு எழுதியிருந்தே. தூக்கிக்கிட்டு வெளியே ஓடினேன், ஃபோர்மேன் பின்னாடி கத்தறது கேட்டுச்சு.

கேன்டீன் அம்மா கதவைச் சாத்திட்டு உடுப்பைக் கழட்டினாங்க. சட்டையைப் பிழிஞ்சப்ப தண்ணி ஊத்துச்சுன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரியில உடம்புச் சூடு ஏற ரொம்ப நேரம் ஆச்சு. இப்ப பேசறா, சாப்பிடறா. வலது கை மட்டும் கட்டுல இருக்கு. உடம்பு குளிர்ந்தா விரலுக்குப் போற ரத்தத்தைத்தான் முதல்ல நிறுத்துமாம். எது பிழைக்கும், எது போகும்னு அடுத்த வாரம் கட்டைப் பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்னு டாக்டர் சொல்லிட்டார். உள்ளே என்ன துணி போட்டிருந்தான்னு கேட்டார். கம்பளின்னு அடிச்சுச் சொன்னேன். மறுநாள் படகுல உன் லெட்டர் வந்துச்சு.

ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு படிச்சேன். உன் கையெழுத்தைப் பார்க்கவே பிடிக்கல. கிழிச்சுப் போடலாம்னு ரெண்டா மடிச்சேன். மடிச்சப்பதான் கிளார்க்கோட குரல் காதுல விழுந்துச்சு. சேதி எனக்கு லோடுக்கு மூணு நாள் முன்னாடியே வந்துடுச்சே. நீ காரணம் இல்லாம கம்பெனிக்கு போன் போடற ஆளு இல்லன்னு எனக்குத் தெரியாதா? ஒரு தடவை போஸ்ட் ஆபீஸுக்குத் திருப்பி போன் போட்டு உன்னைக் கூப்பிடச் சொல்லி ஏன்னு கேட்டிருந்தா முடிஞ்சுது. கேக்கல. ஏன் கேக்கலன்னா, கேட்டா நீ பழையபடி அதையேதான் கேப்பே, அளவு யார் எடுத்ததுன்னு.

நான்தான் எடுத்தேன்.

உடுப்பு மாத்தற ரூம்ல. டேப்பு இல்ல, பெட்டி கட்டற கயிறு. சுத்திப் பிடிச்சு முடிச்சுப் போட்டு அப்புறம் ஸ்கேல்ல வெச்சுப் பார்த்தேன். அவ ஒரு மெல்லிசுச் சட்டையோட நின்னா. ஆளுங்க வந்து போய்க்கிட்டுத்தான் இருந்தாங்க, ரெண்டு நிமிஷ வேலை. ஆனா கயிறைச் சுத்தறப்ப நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். அதுக்கு மேல எதுவும் நடக்கல, அம்மா மேல சத்தியம். ஒண்ணுமே இல்லன்னு சொன்னா மட்டும் அது பொய். அதனாலதான் என் அளவுன்னு எழுதினேன். அதனாலதான் கேன்டீன் அம்மாவை இழுத்தேன்.

உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவுன்னு ஒரு வாரமா யோசிக்கறேன், பிரிக்க முடியல.

இன்னொண்ணு. கேன்டீன் அம்மா அந்தச் சட்டையைத் துவைச்சுக் காயவெச்சுக் கொடுத்துட்டாங்க. தலையணைக்குக் கீழே வெச்சிருக்கா. "அக்கா தைச்ச சட்டை இல்லேன்னா நான் அன்னிக்கே செத்திருப்பேன்"னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்றா. நான் பக்கத்துல நின்னு தலையாட்டிக்கிட்டு இருக்கேன்.

*

ஏப்ரல் 5

என்னங்க,

லெட்டரைப் படிச்சு முடிச்சுட்டு முதல்ல பண்ணின வேலை, அந்தப் பருத்தித் துணியில மிச்சம் இருந்ததை எடுத்து அடுப்புத் துடைக்கப் போட்டேன். அதனால என்ன ஆயிடப்போகுது, ஒண்ணும் இல்ல. கண்ணுல படாம இருந்தா போதும்னு இருந்துச்சு.

மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன்னு எழுதியிருக்கீங்க. அந்த வரியில விரலை வெச்சு மறைச்சுக்கிட்டுத்தான் மிச்சத்தைப் படிச்சேன். வலிக்குது. சாதாரணமா இருந்திருந்தா இந்நேரம் உங்க சட்டையெல்லாம் தெருவுல கிடந்திருக்கும். ஆனா ஒருத்தி கையில கட்டோட படுத்திருக்கறப்ப, அதுவும் நான் போட்ட கட்டு, வாயைத் திறந்து உங்களை ஏசற யோக்கியதை எனக்கு இல்ல. அது இருக்கட்டும், பிற்பாடு ஏசறேன். விட்டுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க.

அவகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க சொன்னா மனு பாஷையில சொல்லுவீங்க, கொஞ்சம் என்னைக் காப்பாத்துவீங்க, கொஞ்சம் உங்களைக் காப்பாத்திக்குவீங்க. நானே சொல்றேன். பதினஞ்சாம் தேதி வெள்ளிக்கிழமைப் படகுல வரேன். அத்தையைப் பக்கத்து வீட்டுல பார்த்துக்கச் சொல்லியிருக்கேன். அத்தைகிட்ட முழுசும் சொல்லிட்டேன். நாள் முழுக்க என் கையால காபிகூட வாங்கிக்கல. அப்புறம் போறப்ப போர்வை எடுத்துட்டுப் போன்னாங்க.

அக்கான்னு கூப்பிடறாளாமே. நான் சொன்னதுக்கு அப்புறமும் கூப்பிடுவான்னு எனக்கு நம்பிக்கை இல்ல. காறித் துப்பினாலும் துடைச்சுக்கிட்டு நிப்பேன். அந்தச் சட்டையை மட்டும் அவகிட்டேர்ந்து வாங்கிடணும். அதைத் தலையணைக்குக் கீழே வெச்சுக்கிட்டு ஒருத்தி என்னை வாழ்த்தறான்னு நினைச்சா இங்கே எனக்குச் சோறு இறங்கல.

கம்பளி மூணு மீட்டர் எடுத்துட்டேன், அசல் கம்பளி, நூலை உருவி நெருப்புல காட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். முழு செட்டும் தைக்கறேன், மூணு அடுக்கும். கோட்டையும் பிரிச்சு அவ அளவுக்குக் கொண்டுவந்துடுவேன், உங்க ஃபோர்மேன் என்ன சொல்றார்னு பார்த்துடலாம். அவ மறுபடியும் அந்த ரூமுக்குப் போவாளோ மாட்டாளோ, போனா குளிராமப் போகட்டும். என் கையால தைச்சதை மறுபடியும் உடம்புல போடமாட்டேன்னு சொன்னா, அதுவும் நியாயம்தான்.

கையுறைக்கும் துணி எடுத்திருக்கேன். இடது கைக்கு வெட்டிட்டேன். வலது கைக்கு இன்னும் வெட்டல. எத்தனை விரல்னு தெரியாம எப்படி வெட்டறது?

கட்டைப் பிரிச்சதும் எழுதுங்க. நோட்டுல பேர் எழுதற இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு, அதை அவகிட்டயே கேட்டு எழுதிக்கறேன். அளவும் நானே எடுக்கறேன்.

உங்க டெய்லர்

*

ஏப்ரல் 8, வெள்ளி

மாஸ்டர்,

நேத்து கட்டைப் பிரிச்சாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். கட்டை விரல் இருக்கு. அடுத்த மூணும் தோல் உரிஞ்சிருக்கு, ஆனா ஊசி குத்தினா வலிக்குதுங்கறா, அதனால பிழைச்சுடும்னு டாக்டர் சொல்றார். சுண்டுவிரல் மட்டும் நடுவுலேர்ந்து நுனி வரைக்கும் கறுத்துப் போச்சு. திங்கட்கிழமை அந்தப் பாதியை எடுக்கறாங்க.

அவ அழல. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "அக்காவுக்கு எழுதுங்க, அடுத்த தடவை கையுறையும் சேர்த்துத் தைக்கச் சொல்லி"ன்னு சிரிச்சா. நான் எழுந்து வெளியே வந்துட்டேன்.

படகுத்துறைக்கு நான் வந்து நிக்கறேன். டேப்பை மறந்துடாதே.

ஒம்பதரை விரலுக்கு வெட்டு.